ரகசியத்தைச் சொல்லாமல் நிரூபிப்பது எப்படி? சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் மறையீட்டியல் (செய்திகளை மறைத்துக் காக்கும் கணிதம்) வகுப்பு எடுக்கும்போதும், வகுப்பு முடிந்து டீக்கடையில் நிற்கும்போதும் என்னிடம் அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கேட்டவர்களில் பொறியியல் மாணவர்கள் உண்டு, செவ்வாய்ப்பேட்டை வெள்ளி வியாபாரிகள் உண்டு, ஏற்காட்டில் காபி எஸ்டேட் கணக்கு பார்ப்பவரும் உண்டு. அதனால் சில பதில்களில் எண்கள் நிறைந்திருக்கும். எண்கள் வேண்டாம் என்பவர்கள் அந்தப் பதில்களைத் தாண்டிப் போய்விடலாம். மற்றவை அவை இல்லாமலும் புரியும்.

ஒரு ரகசியம் எனக்குத் தெரியும் என்பதை, அதைச் சொல்லாமலே நிரூபிக்க முடியுமா?

முடியும். "தெரியும் என்றால் சொல்லு பார்க்கலாம்" என்று கேட்டே நாம் பழகிவிட்டோம். சொன்ன பிறகு அது ரகசியமாக இருப்பதில்லை. கேட்டவருக்குத் தேவைப்பட்டது நம்பிக்கை மட்டும்தான். கையோடு சரக்கையும் கொண்டுபோய்விடுகிறார். நம்பிக்கையை மட்டும் கொடுத்துவிட்டுச் சரக்கைக் கையிலேயே வைத்துக்கொள்ளும் வழிக்குத்தான் ஜீரோ நாலெட்ஜ் நிரூபணம் என்று பெயர். இந்தப் பக்கத்தில் நிரூபிப்பவர், சோதிப்பவர் என்று இரண்டு பேர் வந்துகொண்டே இருப்பார்கள்.

கணக்கு இல்லாமல் ஓர் உதாரணம் சொல்லுங்கள்.

இரண்டு வெள்ளிக் கொலுசுகளை எடுத்துக்கொள்வோம். ஒரே டிசைன், ஒரே எடை, ஒரே பாலிஷ். உங்கள் கண்ணுக்கு இரண்டுக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. எதிரே இருக்கும் வியாபாரி, "இரண்டும் ஒரே டச் கிடையாது, ஒன்றில் வெள்ளி குறைவு" என்கிறார். எது குறைவு என்று சொல்ல மாட்டார். எப்படித் தெரிந்தது என்பதையும் சொல்ல மாட்டார், அது அவர் பிழைப்பு. அவர் சும்மா அடித்துவிடுகிறாரா, உண்மையிலேயே தெரிந்துதான் பேசுகிறாரா?

கொலுசுகளைக் கைக்கு ஒன்றாகப் பிடித்து அவருக்குக் காட்டுங்கள். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோங்கள். அங்கே கொலுசுகளைக் கைமாற்றலாம், மாற்றாமலும் விடலாம்; அது உங்கள் இஷ்டம். மறுபடி முன்னால் நீட்டி, "மாற்றினேனா, இல்லையா?" என்று கேளுங்கள்.

வித்தியாசம் தெரிந்தவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை, ஒவ்வொரு முறையும் சரியாகச் சொல்வார். இரண்டும் ஒரே மாதிரியான கொலுசுகள் என்றால், அல்லது அவருக்கு வித்தியாசம் தெரியாது என்றால், ஊகிப்பதைத் தவிர அவருக்கு வழியில்லை. பாதி முறை மாட்டிக்கொள்வார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மாற்றினீர்களா இல்லையா என்பது உங்களுக்கு முன்பே தெரியும். அவர் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு பதிலும் உங்களிடம் ஏற்கெனவே இருந்த செய்திதான். எது மட்ட வெள்ளி என்று கடைசிவரை உங்களுக்குத் தெரியாது. ஆனால் அவருக்குத் தெரியும் என்பதில் உங்களுக்குச் சந்தேகமும் இருக்காது.

குருட்டு அதிர்ஷ்டத்தில் சரியாகச் சொல்லியிருந்தால்?

ஒருமுறை என்றால் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பத்து முறை தொடர்ந்து என்றால் 1,024இல் ஒன்று. இருபது முறை என்றால் 10,48,576இல் ஒன்று. உங்களுக்குத் திருப்தி வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்கலாம். சந்தேகம் பூஜ்யம் ஆகாது, ஆனால் நீங்கள் விரும்பும் அளவுக்குச் சுருங்கும். பள்ளிக் கணக்கில் நிரூபணம் என்றால் நூற்றுக்கு நூறு உறுதி என்று படித்தவர்களுக்கு இது நெருடும். எனக்கு நெருடுவதில்லை, வங்கியும் நீதிமன்றமும் இதைவிடப் பெரிய சந்தேகத்தோடுதான் தினமும் முடிவெடுக்கின்றன.

ஒரே நிபந்தனை, நீங்கள் மாற்றுவதும் மாற்றாததும் ஊகிக்க முடியாதபடி இருக்க வேண்டும். ஒன்றுவிட்டு ஒருமுறை மாற்றுகிறவர் என்று உங்களை அவர் கண்டுகொண்டால், கொலுசைப் பார்க்காமலே சொல்லிவிடுவார். மறைவில் நாணயம் சுண்டிப் பார்த்து முடிவு செய்வது நல்லது.

சோதிப்பவருக்கு எந்த அறிவும் போய்ச் சேரவில்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? வாய்வார்த்தையா?

இந்தத் துறையிலேயே மிக அழகான பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மேலே சொன்ன சோதனையை வீடியோ எடுத்து உங்கள் நண்பருக்கு அனுப்புகிறீர்கள். "பார், இருபது முறையும் சரியாகச் சொன்னார்" என்கிறீர்கள். நண்பர் நம்ப வேண்டுமா? வேண்டியதில்லை. நீங்களும் வியாபாரியும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, எப்போது மாற்றுவது என்று பட்டியல் போட்டு நடித்திருக்கலாம். அல்லது எதுவும் தெரியாத ஒருவரை உட்கார வைத்து, அவர் தவறாகச் சொன்ன இடங்களை வெட்டி எறிந்துவிட்டு, சரியாகச் சொன்னதை மட்டும் ஒட்டியிருக்கலாம். இரண்டு வீடியோவும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

ரகசியம் தெரியாதவரை வைத்தே அச்சு அசலான வீடியோவைத் தயாரிக்க முடியும் என்றால், உண்மையான வீடியோவுக்குள்ளும் ரகசியம் இல்லை என்றுதானே அர்த்தம்? இருந்திருந்தால் போலி வீடியோவில் அது எங்கிருந்து வந்திருக்கும்? கணிதத்திலும் இதே வாதம்தான். நடந்த உரையாடலைப் போலவே இன்னொன்றை ரகசியம் இல்லாமல் உருவாக்கும் ஒரு செய்முறை உண்டு என்று காட்டிவிட்டால், அந்த உரையாடலிலிருந்து எதுவும் கசியவில்லை என்று நிரூபித்தாகிவிட்டது.

நேரில் இருந்து, கைமாற்றுவதைத் தானே முடிவு செய்தவருக்கு மட்டும் நம்பிக்கை வருகிறது. அதை அவரால் அடுத்தவருக்குக் கடத்த முடிவதில்லை.

சோதிப்பவரே குறும்புக்காரர் என்றால்?

நல்ல கேள்வி, கேட்டவர் வெள்ளி வியாபாரி என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. முதுகுக்குப் பின்னால் மூன்றாவதாக ஒரு கொலுசை நுழைத்துக் காட்டினால், வியாபாரியின் முகம் போகிற போக்கை வைத்தே அந்த மூன்றாவது கொலுசைப் பற்றிச் சோதிப்பவர் ஏதாவது தெரிந்துகொள்ளலாம். நேர்மையான சோதிப்பவரிடம் மட்டும் கசியாதது ஒரு வகை, எந்தத் தில்லுமுல்லு செய்தாலும் கசியாதது இன்னொரு வகை. இரண்டாவதுதான் முழுமையான ஜீரோ நாலெட்ஜ். கீழே எண்களோடு வரும் முறை, கறாராகச் சொன்னால், முதல் வகைக்கு மட்டுமே நிரூபிக்கப்பட்டது.

இதைக் கண்டுபிடித்தது யார்?

ஷாஃபி கோல்ட்வாசர், சில்வியோ மிக்காலி, சார்லஸ் ராக்காஃப் ஆகிய மூவரும் 1985இல் வெளியிட்ட கட்டுரையில் தொடங்குகிறது. 'ஓர் உரையாடலில் எவ்வளவு அறிவு கைமாறுகிறது' என்பதையே அளக்கலாம் என்று அவர்கள் நினைத்ததுதான் புதுமை. அது பூஜ்யமாகவும் இருக்கலாம் என்றார்கள். 1993இல் முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட, கோட்பாட்டுக் கணினியியலுக்கான கோடெல் பரிசில் அவர்களுக்குப் பங்கு கிடைத்தது. கோல்ட்வாசரும் மிக்காலியும் 2012ஆம் ஆண்டுக்கான, கணினியியலின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருதையும் பெற்றார்கள்.

ஆசை மட்டும் பழையது. 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் முப்படிச் சமன்பாட்டுக்குத் தீர்வு தெரிந்தவர்கள் அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள், போட்டியில் ஜெயித்து வேலை வாங்கும் ஆயுதம் அது. 1535இல் ஃபியோரே என்பவருக்கும் டார்ட்டாலியாவுக்கும் நடந்த போட்டியில் ஆளுக்கு 30 கணக்குகள் கொடுத்துக்கொண்டார்கள். டார்ட்டாலியா எல்லாவற்றுக்கும் விடை சொன்னார், வழியைச் சொல்லவில்லை. விடையைச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தாலே சரியா தப்பா என்று தெரிந்துவிடும். பிறகு கார்டானோ என்ற இன்னொரு கணித அறிஞர் கெஞ்சிக் கூத்தாடி, வெளியிட மாட்டேன் என்று சத்தியம் செய்து வழியை வாங்கினார். 1545இல் அச்சிட்டும் விட்டார்! டார்ட்டாலியா 30 விடைகளை விட்டுக்கொடுத்தாரே, அது முழு ஜீரோ நாலெட்ஜ் ஆகாது. ஆனால் போட்டி மேடையில் தப்பிய ரகசியம், நம்பிச் சொன்ன இடத்தில்தான் போனது.

எல்லா விதமான ரகசியத்துக்கும் இது பொருந்துமா?

விடையைக் கையில் கொடுத்தால் கணினி விரைவாகச் சரிபார்த்துவிடக்கூடிய எந்தக் கணக்குக்கும் பொருந்தும். 1986இல் ஓடெட் கோல்ட்ரைக், மிக்காலி, அவி விக்டர்சன் மூவரும் இதைக் காட்டினார்கள். உடைக்க முடியாத மறையீடு என்று ஒன்று உண்டு என்ற அனுமானம் மட்டும் தேவை.

அவர்கள் எடுத்துக்கொண்டது மூன்று வண்ணக் கணக்கு. மாவட்டங்கள் வரைந்த ஒரு வரைபடம். எல்லையைப் பகிரும் இரண்டு மாவட்டங்களுக்கு ஒரே வண்ணம் வரக்கூடாது. நான்கு வண்ணங்கள் எந்த வரைபடத்துக்கும் போதும் என்பது 1976இல் கணினி உதவியோடு நிரூபிக்கப்பட்ட தேற்றம். மூன்று போதுமா என்பது வரைபடத்தைப் பொறுத்தது. ஒரு மாவட்டத்தைச் சுற்றி ஐந்தோ ஏழோ மாவட்டங்கள் வளையமாகக் கைகோத்து நின்றால் மூன்று போதாது, வரைந்து பாருங்கள். பெரிய வரைபடத்தில் மூன்று வண்ணத் தீர்வு கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

என்னிடம் தீர்வு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று வண்ணங்களையும் குலுக்கலாக இடம் மாற்றுகிறேன். சிவப்பு இருந்த இடமெல்லாம் பச்சை, பச்சை இருந்த இடமெல்லாம் நீலம் என்பதுபோல. ஒவ்வொரு மாவட்டத்தின் வண்ணத்தையும் தனித்தனி உறையில் போட்டு ஒட்டி மேசையில் வைக்கிறேன். நீங்கள் ஏதாவது ஓர் எல்லையைச் சுட்டிக்காட்டுகிறீர்கள். அதன் இருபுறமும் உள்ள இரண்டு உறைகளை மட்டும் பிரிக்கிறேன். வெவ்வேறு வண்ணம் என்றால் அந்தச் சுற்றில் நான் தப்பித்தேன். மீதி உறைகளைப் பிரிக்காமலே எடுத்துவிட்டு, வண்ணங்களை மறுபடி குலுக்கி, அடுத்த சுற்றுக்குப் போகிறோம்.

உங்களுக்குத் தெரிந்தது இரண்டு வெவ்வேறு வண்ணங்கள் மட்டும். குலுக்கியதால் அவை எந்த இரண்டாகவும் இருந்திருக்கலாம், அதனால் போன சுற்றையும் இந்தச் சுற்றையும் ஒட்டிப் பார்க்க முடியாது. நான் பொய் சொல்கிறேன் என்றால் குறைந்தது ஓர் எல்லையிலாவது இரண்டு பக்கமும் ஒரே வண்ணம் இருக்கும். 100 எல்லைகள் இருந்தால் ஒரு சுற்றில் மாட்டும் வாய்ப்பு நூற்றில் ஒன்றாவது உண்டு. குறைவுதான். ஆனால் கணினிக்கு ஆயிரக்கணக்கான சுற்றுகள் ஒரு வேலையே இல்லை. விரைவாகச் சரிபார்க்கக்கூடிய கணக்கு எதுவானாலும் அதை இந்த வண்ணக் கணக்காக உருமாற்றிவிடலாம் என்பது முன்பே தெரிந்த உண்மை. ஆகவே ஒன்றுக்குச் செய்தால் எல்லாவற்றுக்கும் செய்த மாதிரி.

விக்டர்சனுக்குப் பின்னாளில் கணிதத்துக்கான ஏபெல் பரிசும் (2021) டூரிங் விருதும் (2023) வந்தன.

எண்களை வைத்துச் செய்து காட்டுங்கள்.

கிளாஸ் ஷ்னோர் 1989இல் கொடுத்த முறை. பேனாவும் காகிதமும் போதும். எல்லாப் பெருக்கலிலும் விடையை 23ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு மாணவியின் ரகசிய எண் 7. ஏழு 2களைப் பெருக்கினால் 128, 23ஆல் வகுத்தால் மீதி 13. இந்த 13ஐ அவள் ஊருக்கெல்லாம் சொல்லிவிடுகிறாள். 13ஐப் பார்த்து 7ஐப் பிடிக்க முடியாதா என்றால், இந்தச் சிறிய எண்களில் ஒரு நிமிடத்தில் பிடித்துவிடலாம். 23க்குப் பதில் 600 இலக்கங்களுக்கு மேல் நீளும் ஒரு பகா எண்ணை வைத்தால், திரும்பிப் போகும் வழி இன்றைய கணினிகளுக்கு எட்டாது.

அவள் புதிதாக ஓர் எண்ணைக் குலுக்கலில் எடுக்கிறாள்; 5 வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து 2களின் பெருக்கம் 32, மீதி 9. இந்த 9ஐ உங்களுக்கு அனுப்புகிறாள், 5ஐ மறைத்து வைக்கிறாள். நீங்கள் ஒரு சவால் எண் கொடுக்கிறீர்கள், 3 என்று. அவள் 5 + 3 × 7 = 26 என்று கணக்கிட்டு, 11ஆல் வகுத்து, மீதி 4ஐ அனுப்புகிறாள். (இங்கே மட்டும் ஏன் 11 என்றால், பதினோரு 2களைப் பெருக்கினால் 2,048. அதை 23ஆல் வகுத்தால் மீதி 1. அதாவது பதினொன்றுக்கு ஒருமுறை சுழற்சி முடிந்து மறுபடி தொடங்குகிறது.)

இப்போது உங்கள் முறை. நான்கு 2களின் பெருக்கம் 16. மறுபக்கம், அவள் முதலில் அனுப்பிய 9ஐயும், ஊரறிந்த 13ஐ மூன்று முறையும் பெருக்குங்கள்: 9 × 13 × 13 × 13 = 19,773. 23ஆல் வகுத்தால் மீதி 16. இரண்டும் ஒன்று, அவளுக்கு ரகசியம் தெரியும். 7 என்ற எண் எங்கேயும் உங்கள் கண்ணில் படவில்லை.

4 என்ற பதிலுக்குள் 7 இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் 5 என்ற திரைக்குப் பின்னால். திரையை விலக்க வேண்டுமானால் 9ஐ வைத்து 5ஐக் கண்டுபிடிக்க வேண்டும். அது 13ஐ வைத்து 7ஐக் கண்டுபிடிக்கும் அதே கஷ்டமான வேலை.

சவால் எண் 3தான் வரும் என்று முன்பே தெரிந்துவிட்டால் ரகசியம் தெரியாத யாரும் ஏமாற்றலாம்: முதலில் பதில் 4 என்று வைத்துக்கொண்டு, பின்னோக்கிக் கணக்குப் போட்டு, முதலில் அனுப்ப வேண்டிய 9ஐத் தயாரித்துவிடலாம். வீடியோவை ஒட்டி வெட்டியதன் கணித வடிவம் இதுதான்.

அந்த 5ஐ ஒவ்வொரு முறையும் மாற்றியே ஆக வேண்டுமா?

ஆக வேண்டும். மாணவி சோம்பல்பட்டு அடுத்த முறையும் 5ஐயே எடுத்தாள், நீங்கள் சவாலாக 1 கொடுத்தீர்கள் என்று வையுங்கள். 5 + 7 = 12, 11ஆல் வகுத்து மீதி 1 என்று பதில் வரும். முன்பு வந்த பதில் 4. இரண்டுக்கும் வித்தியாசம் 3. சவால்களின் வித்தியாசம் 2. அப்படியென்றால் ரகசியத்தின் இரு மடங்கு 3. பதினொன்றின் சுழற்சியில் 3ம் 14ம் ஒன்று. 14இல் பாதி 7. தீர்ந்தது கதை.

இது வகுப்பறைப் பயமுறுத்தல் கிடையாது. சோனியின் பிளேஸ்டேஷன் 3 கருவிக்கான மென்பொருளில் கையொப்பமிட, குலுக்கலாக எடுக்க வேண்டிய எண்ணை மாறாத ஒரே எண்ணாக வைத்திருந்தார்கள். முறை ஷ்னோருடையது அல்ல, ஆனால் நெருங்கிய உறவு. 2010 டிசம்பரில் பெர்லினில் நடந்த ஹேக்கர்கள் மாநாட்டில், இதே கழித்தல் கணக்கால் ரகசியத் திறவுகோலையே எடுக்கலாம் என்று காட்டிவிட்டார்கள்.

எதிரே உட்கார்ந்து சவால் விட ஆள் இல்லாவிட்டால்?

1986இல் அமோஸ் ஃபியட், ஆதி ஷமீர் இருவரும் வழி சொன்னார்கள். முதலில் அனுப்பும் எண்ணை ஒரு ஹேஷ் சார்பில் (எதைப் போட்டாலும் கலக்கி, ஊகிக்க முடியாத ஓர் எண்ணாக மாற்றித் தரும் செய்முறை) போட்டு, வெளியே வருவதையே சவாலாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஹேஷ் என்ன தரும் என்று யாராலும் முன்கூட்டி வளைக்க முடியாது, அதனால் பின்னோக்கிக் கணக்குப் போட்டு ஏமாற்ற வழியில்லை. அந்த முதல் எண்ணோடு ஒரு கடிதத்தையும் சேர்த்து ஹேஷ் செய்தால் அது டிஜிட்டல் கையொப்பம் ஆகிவிடும். 2021 நவம்பரிலிருந்து பிட்காயினில் ஷ்னோர் கையொப்பம் செல்லும்.

வீடியோ அடுத்தவரை நம்ப வைக்காது என்றேன், இது நம்ப வைக்கும். எந்த மூன்றாம் நபரும் தானே ஹேஷ் போட்டுச் சரிபார்க்கலாம்.

ஓடிபி, யுபிஐ பின் எல்லாம் இந்த வகைதானா?

கிடையாது, நேர் எதிர். ஓடிபி என்பது ரகசியத்தையே வாய்விட்டுச் சொல்வது. அதனால்தான் போனில் யாரோ கேட்டதும் சொல்லிவிட்டுப் பணத்தை இழக்கிறார்கள். பின் எண்ணும் அப்படித்தான், முழுதாகத் தட்ட வேண்டும். (பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. கேட்டால் அது மோசடி.) கடவுச்சொல்லும் பெரும்பாலான தளங்களில் அப்படியே மறுமுனைக்குப் போகிறது, அங்கே ஹேஷ் செய்து சேமிக்கிறார்கள் என்பது அவர்கள் நல்லெண்ணம்.

இப்போது பரவும் பாஸ்கீ மட்டும் கொஞ்சம் நெருங்கி வருகிறது. ரகசியத் திறவுகோலைத் தளத்துக்குக் கொடுக்காமல், தளம் விடும் சவாலில் கையொப்பமிட்டு மட்டும் அனுப்புகிறது. முடிந்த இடத்திலெல்லாம் அதற்கு மாறிவிடுங்கள் என்பது என் கருத்து.

ஏற்காட்டில் அறை எடுக்க ஆதார் ஜெராக்ஸ் கேட்கிறார்களே, அதை இதனால் ஒழிக்க முடியுமா?

மே மாதக் கோடை விழா சமயத்தில் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி மேலே போய்ச் சேர்ந்தால், வரவேற்பு மேசையில் முதலில் கேட்பது அதைத்தான். ஒரு விடுதியில் எங்கள் குடும்பத்து ஆதார் அட்டைகளை வரவேற்பாளர் தம் சொந்த போனில் படம் பிடித்துக்கொண்டார். அந்தப் படங்கள் இன்று எங்கே இருக்கின்றன என்று அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன். எனக்கு அது இன்றும் ஆத்திரம்தான்.

யார் தங்கினார் என்று பதிவேடு வைப்பது விடுதியின் கடமை என்றால், பெயரை மறைத்துவிட்டு எதையும் நிரூபிக்க முடியாது, கேட்கப்படுவதே அடையாளம்தான். அங்கே பெயரைப் பதிவேட்டில் எழுதி, அட்டையைக் கண்ணால் பார்த்துத் திருப்பிக் கொடுத்தால் போதாதா என்பதே கேள்வி. கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையமே தருகிறது, அதைக் கொடுக்கலாம். அது ஜீரோ நாலெட்ஜ் கிடையாது. படமும் பிறந்த தேதியும் அதில் தெரியும். ஆனாலும் முழு எண்ணைக் கொடுப்பதைவிட எவ்வளவோ மேல்.

வயதை மட்டும் கேட்கும் இடங்களில் கதை வேறு. 18 வயது ஆனவரா என்பதுதான் கேள்வி. பதில் ஆம் அல்லது இல்லை. அதற்குப் பெயர், முகவரி, பிறந்த தேதி, முகம் எல்லாவற்றையும் எடுத்து நீட்டுகிறோம். ஆதாரின் கியூஆர் கட்டத்துக்குள் இருக்கும் விவரங்களில் ஆதார் ஆணையத்தின் டிஜிட்டல் கையொப்பம் உண்டு. "ஆணையம் கையொப்பமிட்ட ஆவணம் ஒன்று என்னிடம் இருக்கிறது, அதில் உள்ள பிறந்த தேதிப்படி எனக்கு 18 முடிந்துவிட்டது" என்ற வாக்கியத்தை மட்டும், ஆவணத்தைக் காட்டாமல், போனிலேயே நிரூபணமாக்கலாம். 'அனான் ஆதார்' என்ற திறமூலத் திட்டம் இதைத்தான் செய்கிறது. கூகுளும் 2025இல் தன் வாலெட் செயலியில் வயதை நிரூபிக்க இந்த முறையைக் கொண்டுவந்து, அதன் நிரல்களைப் பொதுவில் வைத்தது. கணிதம் தயாராக இருக்கிறது. நம் ஊர் வரவேற்பு மேசைதான் தயாராக இல்லை, ஜெராக்ஸ் எடுத்தால்தான் வேலை நடந்த மாதிரி இருக்கிறது அவர்களுக்கு.

இதில் ஏமாற்றவே முடியாதா?

முடியும், பல வழிகளில். முதலாவது இடையில் நிற்பவன். உண்மையில் ரகசியம் தெரிந்தவரிடம் ஒரு பக்கம், சோதிப்பவரிடம் இன்னொரு பக்கம் என்று நின்றுகொண்டு, சவாலை இங்கிருந்து அங்கும் பதிலை அங்கிருந்து இங்கும் கடத்தினால், எதுவும் தெரியாதவனும் தெரிந்தவனாகிவிடுவான். இரண்டு கிராண்ட்மாஸ்டர்களோடு ஒரே நேரத்தில் தபாலில் சதுரங்கம் ஆடி, ஒருவரின் காய் நகர்த்தலை மற்றவருக்கு அனுப்பும் தந்திரம்தான் இது. 1980களிலேயே ஆய்வாளர்கள் இதை எச்சரித்துவிட்டார்கள்.

இரண்டாவது, முறையிலேயே ஓட்டை. 2016இல் தொடங்கிய ஸீகேஷ் என்ற மின்னணு நாணயம், யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார் என்பதை இந்த முறையால் மறைக்க வழி தருகிறது. எல்லையில்லாமல் கள்ள நாணயம் அச்சிட வழிவிடும் பிழை ஒன்று அதன் அடிப்படைக் கணிதத்தில் இருந்ததை, 2018இல் கண்டுபிடித்து, சத்தமில்லாமல் சரிசெய்து, 2019இல்தான் வெளியே சொன்னார்கள். எல்லாம் மறைந்திருக்கும் இடத்தில் திருட்டும் மறைந்தே இருக்கும்.

மூன்றாவதை யாரும் ஓட்டை என்று சொல்வதில்லை, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. அடிப்படை ஆவணமே பொய்யாக எழுதப்பட்டிருந்தால், அந்தப் பொய்யும் கச்சிதமாக நிரூபணமாகும்.

எங்கள் தறியில் போட்ட புது டிசைன் எங்களுடையது என்று, டிசைனை வெளியிடாமல் இன்றே பதிவு செய்ய வழி உண்டா?

இது ஜீரோ நாலெட்ஜ் கூட இல்லை, அதன் தம்பி முறை. டிசைன் கோப்பை, கூடவே யாரும் ஊகிக்க முடியாத ஒரு நீண்ட எண்ணையும் சேர்த்து, ஹேஷ் செய்து, வரும் எழுத்துக் கோவையை மட்டும் தேதியோடு பொதுவில் வைத்துவிடுங்கள். பின்னால் தகராறு வந்தால் கோப்பையும் எண்ணையும் காட்டினால், அந்தத் தேதியிலேயே உங்களிடம் இருந்தது என்று யாரும் சரிபார்க்கலாம். ராபர்ட் ஹூக் 1676இல் சுருள்வில்லின் விதியை எழுத்துகளைக் கலைத்துப் போட்ட புதிராக வெளியிட்டு, 1678இல் விடையைச் சொன்னதும் இதற்காகத்தான். ஆனால் சட்ட உரிமை இதனால் வந்துவிடாது. அதற்கு டிசைன் பதிவுக்கான அலுவலகம் தனி.

ராணுவத்தில் பயன்படுமா?

அணு ஆயுதத்தின் உள்ளமைப்பைக் காட்டாமல், அது நிஜ ஆயுதம்தான் என்று ஆய்வாளருக்கு நிரூபிக்க நியூட்ரான்களை வைத்து ஒரு முறையை 2014இல் கிளேசர், பராக், கோல்ட்ஸ்டன் ஆகியோர் முன்வைத்தார்கள். கணினியே இல்லாமல் வெறும் பௌதிகத்தில் இந்தக் கருத்தைக் கொண்டுவந்தது எனக்குப் பிடித்திருக்கிறது. மற்றபடி அதில் எனக்குப் பழக்கமில்லை.

பள்ளியில் செய்து காட்ட ஏதாவது இருக்கிறதா?

சுடோகு. கிராட்வோல், நவோர், பிங்கஸ், ரோத்ப்ளம் ஆகியோர் 2007இல் சீட்டுகளை வைத்தே செய்யும் முறையைக் கொடுத்தார்கள். நாளிதழில் வரும் ஒரு சுடோகுவை எடுத்துத் தரையில் சாக்பீஸால் பெரிதாகக் கட்டம் போடுங்கள். தீர்வு தெரிந்த பிள்ளை ஒவ்வொரு கட்டத்திலும் அந்தக் கட்டத்துக்குரிய எண் எழுதிய மூன்று சீட்டுகளைக் கவிழ்த்து வைக்க வேண்டும். நாளிதழிலேயே கொடுத்திருக்கும் எண்களுக்கு மட்டும் சீட்டுகளை நிமிர்த்தி வைக்க வேண்டும். மொத்தம் 243 சீட்டுகள்.

சோதிக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள மூன்றில் எந்தச் சீட்டு வரிசைக்கு, எது நெடுக்குக்கு, எது ஒன்பது கட்டச் சதுரத்துக்கு என்று தாங்களே தேர்ந்தெடுத்துப் பிரிப்பார்கள். அப்படி 9 வரிசை, 9 நெடுக்கு, 9 சதுரம் என 27 கட்டுகள் சேரும். நிமிர்ந்திருந்தவற்றையும் கவிழ்த்து, ஒவ்வொரு கட்டையும் தனித்தனியாக நன்றாகக் கலைத்த பிறகு திறந்து பார்க்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 1 முதல் 9 வரை எல்லாம் இருந்தால் தீர்வு சரி. எந்த எண் எந்தக் கட்டத்தில் இருந்தது என்பது கலைத்ததும் போய்விட்டது. ஒரே கட்டத்தில் வெவ்வேறு எண் சீட்டுகளை வைத்து ஏமாற்றப் பார்க்கும் பிள்ளை ஒரு சுற்றில் தப்பிக்கும் வாய்ப்பு அதிகபட்சம் ஒன்பதில் ஒன்று.

சீட்டுகளுக்குச் சாதாரண நோட்டுத் தாள் ஆகாது, ஸ்கெட்ச் மை பின்பக்கம் தெரியும். கல்யாணப் பத்திரிகை அட்டைகளை ஒரே அளவில் வெட்டி, பின்பக்கம் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்படி வெள்ளைத் தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். 9 × 9 பெரிதாகப் பட்டால் 4 × 4 சுடோகுவில் தொடங்கலாம். 48 சீட்டுகளும் 12 கட்டுகளும் போதும், ஒரு பாட வேளைக்குள் முடிந்துவிடும்.